காக்கும் போர்வை

சென்னிமலை என்றதும் வெளியூரார்க்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, மலைமேல் இருக்கும் முருகன் கோயில். மற்றொன்று, மலையடிவாரத்தில் நெய்யப்படும் போர்வை. பகலெல்லாம் தறியோசை கேட்கும் இந்த ஊரில் பிள்ளைகளுக்கு அரபு எழுத்துகளையும் தமிழ் இலக்கணத்தையும் சொல்லிக்கொடுத்து முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆயினும் போர்வையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்ததில்லை. குளிருக்குப் போர்த்துவது; விருந்தினர் வந்தால் எடுத்துக் கொடுப்பது; அவ்வளவே. ஒரு குடும்பம் தன் வீட்டு நோயின்மீது போர்த்தும் போர்வை ஒன்று உண்டு என்பதையும், அது கனக்கக் கனக்க உள்ளே கிடப்பவருக்கு மூச்சு முட்டும் என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அறிந்ததை எழுதலாமா என்று உரியவரிடமே கேட்டேன். "எழுதுங்க மச்சான். பேரை மட்டும் போட்டுடாதீங்க" என்றார். அந்த இசைவின்பேரில் எழுதுகிறேன்.

அவர் என் தங்கையின் கணவர். சென்னிமலைத் தறிக்காரர்களிடம் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் வாங்கி ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பவர். கணக்கில் ஒரு பைசா பிசகாதவர். கேட்டவருக்கு இல்லை என்னாதவர். சந்தை முடிந்த இரவுகளில் கூட்டாளிகளோடு தொடங்கிய பழக்கம், பத்தாண்டுகளில் அவரைத் தின்றுவிட்டது. முதலில் சந்தை நாளில் மட்டும். பிறகு சந்தைக்கு முதல் நாளும். பிறகு எந்த நாளும். தொழுகை போயிற்று, கடன் வந்தது, தங்கையின் கழுத்திலிருந்த நகை அடகுக் கடைக்குச் சென்றது.

நாங்கள் என்ன செய்தோம்? மறைத்தோம். அவர் விழுந்து கிடந்தால் "சர்க்கரை இறங்கிவிட்டது" என்றோம். ஜும்ஆவுக்கு வராவிட்டால் "வெளியூர் போயிருக்கிறார்" என்றோம். அவருடைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. செய்தி வெளியே தெரிந்தால் பெண்ணின் வாழ்வு என்னாகும் என்ற அச்சம் எங்கள் வாயைக் கட்டிவிட்டது. மறைத்ததற்கு மார்க்கத்திலும் ஆதாரம் வைத்திருந்தேன். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் கருத்தமைந்த நபிமொழியைத் தங்கைக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

மறைத்ததோடு நிற்கவுமில்லை, உபதேசமும் செய்தேன். வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, மது ஹராம் என்பதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாக ஓதிக் காட்டுவேன். அவர் தலை குனிந்து கேட்பார், அழுவார், தவ்பாச் செய்வார். மூன்றாம் நாள் மீண்டும் குடித்திருப்பார். எனக்குச் சினம் வரும். அடுத்த முறை என் சொற்கள் இன்னும் கூர்மையாக இருக்கும். தெரியாதவனுக்குத்தான் சொல்லித்தர வேண்டும். தெரிந்தும் விட முடியாதவனுக்கு வேண்டியது வேறொன்று என்பது, ஓதிக்கொடுத்தே பழகிய எனக்கு விளங்கவில்லை.

ஆண்டுதோறும் ரமலான் பிறை பார்த்தவுடன் அவர் குடியை நிறுத்திவிடுவார். தூக்கம் கெடும், கை சற்று நடுங்கும், பிறகு சரியாகிவிடும். பெருநாள் கழிந்தால் பழைய கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலானிலும் அப்படியே நிறுத்தினார். மூன்றாம் இரவு தங்கை என்னை அழைத்தாள். போய்ப் பார்த்தால், உடலெல்லாம் நடுங்க, வியர்த்துக் கொட்ட, போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிப் பொறுக்கிக் கீழே எறிந்துகொண்டிருந்தார். "எறும்பு, எறும்பு" என்றார். ஓர் எறும்பும் இல்லை. மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்லி அவர்களோடு பேசினார். வீட்டிலிருந்தோர் ஜின்னின் தீண்டல் என்றனர். நானும் அப்படியே எண்ணினேன். ஆயத்துல் குர்ஸியை ஓதி ஊதினேன். தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஸஹர் வரை அவர் தலைமாட்டில் அமர்ந்து ஓதிக்கொண்டே இருந்தேன். விடியும் வேளையில் வலிப்பு வந்தது. அதன் பிறகே வண்டி பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்து விளக்கினார். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவரின் மூளை மதுவோடு இணங்கிப் பழகிவிடுகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்டிருந்த நரம்புகள் கட்டற்றுத் துள்ளுகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, மனம் தடுமாறும் நிலையும் வரக்கூடும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். மருந்தும், தயமின் என்னும் வைட்டமின் ஊசியும், சில நாள் மருத்துவக் கண்காணிப்பும் இருந்தால் பெரும்பாலோர் தப்பிவிடுவர். "இரவே கொண்டுவந்திருக்கலாமே, ஹஸ்ரத்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் முப்பதாண்டுக் கல்வியின்மீது விழுந்த அடியாக இருந்தது. இறைவேதம் நோய்தீர்க்கும் அருமருந்து என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் நோய்க்கு மருந்தும் உண்டு, ஆதலின் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று பணித்தவரும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்தாமே! ஓதுவதோடு நிறுத்திக்கொண்டது மார்க்கம் அன்று, என் அறியாமை.

இன்னொன்றையும் அன்று அறிந்தேன். கணவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கச் செய்யும் என்று யாரோ சொன்ன பொடி ஒன்றைத் தங்கை வாங்கி வைத்திருந்தாள். அதைக் கண்ட மருத்துவர் திடுக்கிட்டார். இத்தகைய பொடிகளில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. டைசல்ஃபிராம் போன்ற மருந்து கலந்திருந்தால், அதை உண்டவர் அறியாமல் மதுவையும் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி, ஆபத்து நேரிடும். மருத்துவர் தாமே அந்த மருந்தைக் கொடுப்பதாயினும், நோயாளிக்கு விளக்கி, அவர் ஒப்புதலோடுதான் கொடுப்பார். என் தங்கை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள். மறைப்பதிலேயே வாழ்ந்த குடும்பத்துக்கு மருந்தும் மறைவாகவே தோன்றியதில் வியப்பென்ன?

மருத்துவமனையை விட்டுப் புறப்படும்போது மருத்துவர் ஒரு துண்டுத் தாளில் தொலைபேசி எண் ஒன்றை எழுதித் தந்தார். "உடம்பை நாங்கள் தேற்றிவிட்டோம். கடையைத் தாண்டி நடக்கும் மனத்தை இவர் இனிமேல்தான் தேடிக்கொள்ள வேண்டும். இவரைப் போலவே குடித்து, விட்டு, மீண்டவர்கள் வாராவாரம் கூடுகிறார்கள். அங்கே அழைத்துப் போங்கள்" என்றார்.

அந்தத் தாளை என் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். பதினொரு நாட்கள் அதைத் தொடவில்லை. எண்ணைச் சுழற்றினால் மறுமுனையில் பேசுபவர் நம் ஊர்க்காரராக இருந்துவிட்டால்? என் குரலை அடையாளம் கண்டுகொண்டால்? வெள்ளிதோறும் மிம்பரின் அருகே அமர்பவன் குடிகாரர்களின் கூட்டத்துக்கு வழி கேட்பதா? பன்னிரண்டாம் நாள் அஸருக்குப் பின், யாரும் இல்லாத மலையடிப் பாதையில் நடந்துபோய் அந்த எண்ணை அழைத்தேன்.

"ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கினேன்.

மறுமுனையில் மெல்லிய சிரிப்பு. "பரவாயில்லைங்க. இங்கே கூப்பிடுறவங்க எல்லாருமே நண்பருக்காகத்தான் கேக்குறாங்க. நானும் அப்படித்தான் கேட்டேன்" என்றது ஒரு முதிய குரல். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, சாதி, மதம் எதையும் கேட்கவில்லை. ஈரோட்டில் எந்த நாள், எந்த நேரம், எந்தப் பள்ளிக்கூடத்தின் எந்த அறை என்பதை மட்டும் சொன்னார். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றார். "குடியை நிறுத்தணும்ங்கிற ஆசை ஒண்ணு இருந்தாப் போதும். அதுதான் உள்ளே வர்றதுக்குச் சீட்டு" என்றார்.

முதல் வாரம் போனோம். அது கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளி. வாயிலின்மேல் சிலுவையைக் கண்டதும் என் கால்கள் தயங்கின. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். எதிரே இருந்த தேநீர்க் கடையில் அமர்ந்து இரண்டு முறை தேநீர் குடித்துவிட்டு, அடுத்த பேருந்தில் ஊர் திரும்பிவிட்டோம். அந்த வாரம் முழுதும் எனக்கு உறக்கமில்லை. மதுக்கடை வாசலில் அவர் கால்கள் ஒருநாளும் தயங்கியதில்லையே, மீட்சியின் வாசலில் நானல்லவா அவரைத் தயங்க வைத்துவிட்டேன் என்று உள்ளம் குத்திற்று. அடுத்த வாரம் உள்ளே நுழைந்தோம்.

குழந்தைகள் அமரும் தாழ்ந்த விசுப்பலகைகள். கரும்பலகையில் அழிபடாத வாய்ப்பாடு. ஏறத்தாழ இருபது பேர். சில கூட்டங்கள் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியவை. சிலவற்றில் குடும்பத்தாரும் அமரலாம். அன்று நடந்தது இரண்டாம் வகை. ஒவ்வொருவராக எழுந்து, தம் பெயரில் ஒரு பகுதியை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கினர். ஒரு தறிக்காரர் பேசினார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பேசினார். லாரி ஓட்டுநர் ஒருவர் பேசினார். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. தாம் விழுந்ததைச் சொன்னார்கள், எழுந்ததைச் சொன்னார்கள். வாழ்நாள் முழுதும் குடிக்கமாட்டேன் என்று ஒருவரும் சூளுரைக்கவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தேன் என்றுதான் சொன்னார்கள். முடிவில் ஒரு பை சுற்றி வந்தது. இயன்றவர் இயன்றதைப் போட்டனர். அறை வாடகைக்கும் தேநீருக்கும் அதுவே செலவாகிறதாம். வெளியார் நன்கொடையை இவர்கள் ஏற்பதில்லை.

ஐந்து வாரங்கள் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. ஆறாம் வாரம் எழுந்தார். "என் மச்சான் பெரிய ஆலிம். குடி தப்புன்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்லை. ஒவ்வொரு தடவை குடிச்சப்பவும் அது எனக்குத் தெரிஞ்சிருந்தது. தெரிஞ்சதை மறக்கத்தான் மறுபடியும் குடிச்சேன்" என்றார். அருகில் அமர்ந்திருந்த நான் அன்று கற்ற பாடத்தை எந்த மதரஸாவும் எனக்குக் கற்றுத்தந்ததில்லை. அவருடைய நாணத்தை நான் கூர்மையாக்கினேன். அந்த நாணமே அவரைக் கடைக்குத் துரத்திற்று.

இந்தச் சபைகளின் வரலாற்றைப் பிறகு தேடிப் படித்தேன். அதுவும் ஒரு தேடலில்தான் தொடங்கியிருக்கிறது. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வணிகத்தில் தோற்றுப்போன பில் வில்சன் என்பவர் ஒரு விடுதியின் கூடத்தில் தனியே நின்றார். சில மாதங்களாகக் குடியை விட்டிருந்தவர். ஒரு புறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசி. தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினாலன்றித் தாம் தப்ப முடியாது என்று உணர்ந்து, அங்கிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கலானார். அந்த அழைப்புகளின் முடிவில் அவர் சந்தித்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். தாமும் குடிக்கு அடிமையானவர். அந்த மருத்துவர் இறுதியாகக் குடித்த நாளென அவர்கள் கொள்ளும் 1935 ஜூன் 10, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் பிறந்த நாளாயிற்று. பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது அதன் பொருள். 1957இல் அது பம்பாய்க்கு வந்தது. குடிநோயாளிகளின் மனைவி மக்களுக்கென அல்-அனான் என்னும் தனி அமைப்பு 1951இல் தோன்றியது. அதன் பெயரில் உள்ள "அல்" அரபு அன்று என்று தங்கையிடம் சொன்னபோது, நெடுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

நம் தமிழகத்திலும் துயரத்திலிருந்து ஒரு விளக்கு ஏற்றப்பட்டிருக்கிறது. குடிநோயால் 1979இல் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள், மறு ஆண்டே அவர் பெயரால் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். இது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, மருத்துவமும் துணையும் வேண்டிய நோய் என்று வீடு வீடாக உணர்த்திய அம்மையாருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நகரத்துக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காக அந்த மையம் கிராமங்களிலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்தது. செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம் ஒன்று தன் துயரை மறைக்காமல் வெளியே வைத்ததனால் எத்தனை இல்லங்கள் பிழைத்தன!

இந்தக் கூட்டங்களால் பயன் உண்டா என்று ஐயுறுவோரும் உளர். 2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 10,565 பேரையும் ஆராய்ந்தது. இவ்வழியில் முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டோர், பிற உளவியல் சிகிச்சைகள் பெற்றோரைவிடத் தொடர்ந்து முற்றாகக் குடியை விட்டிருப்பதில் மேம்பட்டு நின்றதாக அது கண்டது. எல்லாரும் மீண்டுவிடுகிறார்கள் என்று இதற்குப் பொருளன்று. ஆயினும் கைவிடுவதற்கு முன் தட்டிப் பார்க்கவேண்டிய கதவு இது என்பதில் ஐயமில்லை.

இனி, மார்க்கக் கல்வி உடையோர் கேட்கும் கேள்வி. பிற சமயத்தார் தொடங்கிய முறையில், பிற சமயத்தார் கட்டடத்தில் கூடும் இடத்துக்கு ஒரு முஸ்லிம் போகலாமா? என்னையே நான் கேட்டுக்கொண்ட கேள்வி இது. அங்கே எவரும் எவரையும் எந்தச் சமயத்துக்கும் அழைக்கவில்லை. இறைவனை அவரவர் அறிந்தவாறு எண்ணிக்கொள்ளச் சொல்கிறார்கள். என் மாப்பிள்ளை அல்லாஹ்வை எண்ணிக்கொள்கிறார். அவர்களுடைய பன்னிரண்டு படிகளையும் ஊன்றிப் பார்த்தேன். தன் இயலாமையை ஒப்புக்கொள்ளுதல், தன்னைத் தானே கணக்குப் பார்த்தல், தவறுகளை ஒளிக்காது ஒப்புதல், தன்னால் துன்புற்றோரைத் தேடிச் சென்று ஈடுசெய்தல் என அவை விரிகின்றன. நம் ஃபிக்ஹு நூல்கள் தவ்பாவுக்கு என்ன நிபந்தனை கூறுகின்றன? செய்ததற்கு வருந்துதல், அதைவிட்டு விலகுதல், மீளோம் என உறுதிகொள்ளுதல், அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டதாயின் அதைத் திருப்பிக் கொடுத்தல். தன்னைக் கணக்குப் பார்ப்பதற்கு முஹாஸபா என்று பெயரிட்டு, இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். தன் குறையைத் தானே காண இயலாதவன், காட்டித்தரும் மெய்த் தோழன் ஒருவனைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் காட்டிய வழி. ஸ்பான்சர் என்று இக்கூட்டத்தார் அழைக்கும் மூத்த தோழர் செய்யும் பணி ஏறத்தாழ அதுவே. 1989இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் இப்படிகளை இஸ்லாமிய நெறிக்கேற்ப அமைத்து, மில்லத்தி இஸ்லாமி என்னும் சபையைத் தொடங்கினர். ஆக, இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவன் நானல்லன்.

மது ஒரே நாளில் விலக்கப்படவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். முதலில் அதிலுள்ள கேடு அதன் பயனைவிடப் பெரிது என்பது பகரா அத்தியாயத்தில் உணர்த்தப்பட்டது. பின்னர், போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என நிஸா அத்தியாயத்தில் தடுக்கப்பட்டது. அதன் பின்னரே மாயிதா அத்தியாயத்தில் முழுத் தடை வந்தது. தடை வந்தபோது மதீனத்துத் தெருக்களில் மது ஓடிற்று என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அன்று ஊரே ஒன்றுகூடிக் கொட்டியது. கொட்டியவன் எவனும் தனியாக நிற்கவில்லை. மனித மனத்தின் தளைகளைப் படைத்தவன் அறிவான். ஆதலால் படிப்படியாக அவிழ்த்தான்.

அதன் பின்னும் குடித்தவர் இருந்தனர். ஒருவர் மீண்டும் மீண்டும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டபோது, கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்றும் எச்சரித்தார்கள். புகாரியில் இவற்றை ஓதிப் பட்டம் பெற்றவன் நான். ஓதியதை என் வீட்டுத் திண்ணையில் பயன்படுத்தத் தெரியாமல் எத்தனை ஆண்டுகள் ஷைத்தானுக்குத் துணைபோனேனோ!

குறையை மறைத்தல் என்னும் ஸத்ருக்கும் அந்தப் பள்ளியறையில்தான் எனக்குப் பொருள் விளங்கிற்று. அங்கே கேட்டது எதுவும் வெளியே போவதில்லை. யாரைக் கண்டோம் என்பதையும் எவரும் வெளியே சொல்வதில்லை. பெயர் மறைக்கப்படுகிறது, நோய் திறக்கப்படுகிறது. நாங்கள் வீட்டில் செய்தது இதற்கு நேர் எதிரானது. நோயை மறைத்தோம், அவரையோ எங்கள் சொற்களால் நாள்தோறும் திறந்து போட்டோம். ஒருவரைப் பழியிலிருந்து காப்பது ஸத்ர். அவரை மருந்திலிருந்து மறைப்பது ஸத்ர் ஆகாது.

நம் கொங்கு மண்ணுக்கு இந்தப் போராட்டம் புதிதன்று. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் முன்னின்றனர். அடுத்திருந்த சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்த்தப்பட்டபோது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோருள் அவரும் காயிதே மில்லத் அவர்களும் இருந்தனர். பிறகு கடைகள் மூடியும் திறந்தும் மாறி வந்து, 2003இலிருந்து அரசின் நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. கடையை மூடச் சொல்லும் குரல் ஓயக்கூடாது. ஆனால் கடை மூடும் நாள்வரை நம் வீட்டு நோயாளி காத்திருக்க முடியாது. அவனுக்கு இன்று மாலை போவதற்கு ஓர் இடம் வேண்டும்.

மாப்பிள்ளையின் வழி நேராகவே சென்றுவிடவில்லை. எட்டாம் மாதம் ஒரு சந்தை இரவில் வழுக்கினார். முன்பாயிருந்தால் மூன்று நாள் வீட்டுக்கு வந்திருக்கமாட்டார். அன்றோ, நள்ளிரவில் தம் மூத்த தோழரை அவரே அழைத்தார். அந்த முதியவர் பெருந்துறையிலிருந்து வந்து, விடியும்வரை அவரோடு பேருந்து நிலையத்தில் அமர்ந்திருந்தார். காலையில் இருவரும் வீட்டுக்கு வந்தனர். நான் உபதேசம் செய்யவில்லை. "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் முதல் அவர் மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

மகளுக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடவேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தார். நான் வேண்டாம் என்றேன். இன்னும் பழைய போர்வை என் கையில் இருந்தது. அவர் சொன்னார். அந்தச் சம்பந்தம் முறிந்தது. தங்கை இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. பெண்ணோ, "அத்தா பொய் சொல்லிக் கட்டிக்கொடுக்கிறதை விட இது மேல்" என்றாள். அடுத்த ஆண்டு வந்த சம்பந்தி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் தம்பிக்கு அந்த இடத்தைச் சொல்ல முடியுமா?" என்றார். நிக்காஹ் நடந்தது. சம்பந்தியின் தம்பி இப்போது அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் அமர்கிறார்.

இதைப் படிக்கும் குடும்பங்களில் ஒன்றிலேனும் இந்நோய் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சில சொற்கள். நாள்தோறும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லி அறையில் பூட்டாதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தெரியாமல் எதையும் உணவில் கலக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். உங்கள் ஊரில் கூட்டம் இல்லையெனில் பக்கத்து ஊரில் இருக்கும். பேருந்துக் கட்டணம் மதுவின் விலையைவிடக் குறைவு. அவர் வர மறுத்தால், வீட்டுப் பெண்களாவது தங்களுக்குரிய கூட்டத்தைத் தேடிச் செல்லட்டும். ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குடிப்பவர் வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டோம் என்று முடிவெடுப்பது எளிது. அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போக ஒருவரை அனுப்புவது அதனினும் பயனுடையது.

சென்ற வாரம் மாப்பிள்ளையின் நான்காம் ஆண்டு நிறைவு. பிறந்த நாள் என்றுதான் அங்கே அதைச் சொல்கிறார்கள். தொலைபேசியில் முதன்முதல் என்னோடு பேசிய முதியவருக்கு, சென்னிமலையில் நெய்த போர்வை ஒன்றை மாப்பிள்ளை தம் கையால் போர்த்தினார். திரும்பும் வழியில் என் தொலைபேசி ஒலித்தது. அறியாத குரல். "ஹஸ்ரத், ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று தயங்கிற்று. பெயரை நான் கேட்கவில்லை. நாளையும் நேரத்தையும் சொன்னேன். வாயிலில் நிற்கத் தயக்கமாயிருந்தால் எதிரிலிருக்கும் தேநீர்க் கடையில் நானே காத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

எல்லாம் வல்ல ரஹ்மான், நோயுற்றோர் அனைவருக்கும் ஷிஃபாவையும், அவர்தம் குடும்பத்தார்க்குப் பொறுமையையும், வழி கேட்பதற்கான துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.